இடது சீட்டின் சூடு

ஈரப் பனியன் துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் காருக்குள் விரித்துக்கொண்டிருந்தார் ஆரோக்கியராஜ். டேஷ்போர்டின் மேல், பெடல்களுக்குப் பின்னால், கியர் கம்பியைச் சுற்றி, சீட்டுக்கு அடியில் என்று ஓர் இடம் விடவில்லை. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. துவைத்த துணியைக் காயப்போட வேறு இடமில்லாத குடும்பம் போலிருக்கிறது என்று முதல் தடவை பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லாச் சிரிங்க அண்ணாச்சி. எந்தத் துணி மொதல்ல காயுதோ, அங்ஙனதான் களவாணி ஒளிஞ்சிருக்கான்" என்றார்.

வேலம்பாளையத்தில் ஒரு நிட்டிங் யூனிட்டின் பின்சுவரை ஒட்டி அவருடைய தகர ஷெட் இருக்கிறது. பகல் முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் உறுமிக்கொண்டேயிருக்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் அவருக்குக் காது அடைத்தாற்போல் ஆகுமாம். அவரைக் கார் ஏ.சி. மெக்கானிக் என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். "கேஸ் ஏத்துறதுக்கு ஊருக்குள்ள தடுக்கி விழுந்தா ஆளு இருக்காவ. சூடு எங்கேருந்து வருதுன்னு கேக்கதுக்குத்தான் நாதி இல்ல." அவருடைய தொழில் சூடு பார்ப்பது. அதை மட்டும்தான் பார்ப்பார்.

பழைய கார்களில் இன்ஜினின் கொதிநீர் ஒரு குழாய் வழியாக டேஷ்போர்டுக்குள் வந்துவிட்டுப் போகும். குளிர் ஊர்க்காரர்கள் காலைச் சூடாக்கிக்கொள்ளச் செய்த ஏற்பாடு. அந்தக் குழாயின் வால்வு கெட்டுவிட்டால் மே மாத வெயிலில், திருப்பூரின் நடுவில், ஹீட்டர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் ஏ.சி. குளிரை ஊதும், மறுபக்கம் வெந்நீர் அனல் காட்டும், நடுவில் உட்கார்ந்திருக்கிற புண்ணியவான் கேஸ் பத்தவில்லை என்று மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருப்பான். அப்படித் திட்டித் திட்டித் தொண்டை வற்றிய பிறகுதான் நான் ஆரோக்கியராஜிடம் போய்ச் சேர்ந்தேன். நல்லூரில் லேபிள் பிரிண்டிங் வைத்திருக்கிறேன். என் பழைய கார் அவருடைய ஷெட்டில் நிற்காத மாதம் குறைவு. காரைச் சாக்கிட்டு நானும் அங்கேயே நிற்பேன்.

உடன்குடிப் பக்கத்து ஆள். இளவயதில் இங்கே வந்து ஒரு டையிங் பட்டறையில், சாயமேற்றிய துணியைக் காயவைக்கும் மெஷினில் நின்றிருக்கிறார். ஈரத்துணியைப் பார்த்தே அனலின் போக்கைச் சொல்கிற வித்தை அங்கே பழகியது. சம்சாரம் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். கழித்துப் போட்ட துணி அவர் கையால்தான் வருகிறது. இவர் மேலுக்குப் போடுவதும் கழித்துப் போட்ட சட்டைதான். முதுகில் எந்த நாட்டுப் பாஷையிலோ என்னவோ எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்தவர் யாராவது வந்து அர்த்தம் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

காருக்குள் ஏறுமுன் செருப்பைக் கழற்றிவிடுவார். கோயிலுக்குப் போகிற பக்தி என்று நினைத்துக் கேட்டேன். "கையி வேல செஞ்சு மரத்துப்போச்சு. பாதத்துலதான் இன்னும் கொஞ்சம் உசுரு மிச்சம் கெடக்கு." வண்டியின் பானெட்டைத் தொடுவது மட்டும் புறங்கையால், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. டீயை ஆறிப் பச்சைத் தண்ணியான பிறகே குடிப்பார். ஏன்யா இப்படி என்றால், "நாளெல்லாம் சூட்டோடயே மாரடிக்கேன், வயித்துக்குள்ளயும் அது எதுக்குங்க?" என்பார். அந்த 'ங்க' இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. உடன்குடிப் பேச்சின் வாலில் அது ஒட்டியும் ஒட்டாமலும் ஆடும்.

போன கோடைக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் நான் ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சிவப்புக் கார் வந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. ரோட்டோடு ரோடாகப் படுத்துக் கிடக்கிற உயரம். ஓட்டி வந்த பெண் அந்த வெயிலிலும் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டிருந்தார். தலைமுடி முழுக்கப் பறந்து, முகம் சிவந்து, இன்ஜினை அணைத்த கையோடு கீழே குதித்தார் என்றே சொல்ல வேண்டும். பேர் தமிழ்மதி.

"ஏனுங்க, சூடு பாக்கறது நீங்கதானுங்களா? என்ற ஊட்டுக்காரரு கோயமுத்தூர் போயிருக்காருங்க. பொழுதோட வந்துருவாருங்க. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருங்க."

"அவுகளுக்குத் தெரியாமலா கொண்டாந்தீய?"

"தெரிஞ்சா உடமாட்டாருங்க."

ஆரோக்கியராஜ் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அவருக்கு உட்காரப் போட்டார். அந்தப் பெண் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். கார் அவருடைய மாமனார் அங்கமுத்துவின் ஆசைக் கார். பனியன் கம்பெனி நன்றாக ஓடிய காலத்தில் எங்கிருந்தோ பழையதாக வாங்கி, மகன் தரணீதரனை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் இடதுபக்க சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து வருவாராம். அவர் தவறி இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"இவரு தெனமும் கண்ணாடிய ஏத்திக்கிட்டு அவினாசி வரைக்கும் போயிட்டு வாராருங்க. வந்தா தலைவலின்னு சுருண்டு படுத்துக்குவாரு. என்னங்கன்னு கேட்டா, எங்கய்யன் பக்கத்துல உக்காந்து வர்றாருங்கறாரு. தொடையில கை வெக்கறாராமா. சூடா இருக்குதாமாங்க. வாசங்கூட வருதாமா."

"என்ன வாசம்?" என்று கேட்டது நான். சும்மா இருக்க மாட்டேன் என்கிறது வாய்.

"தீய்ஞ்ச துணி வாசமுங்க. மாமா அயர்ன் மாஸ்டரா இருந்து மேல வந்தவருங்க. கடைசி வரைக்கும் அவரு மேல அந்த வாசந்தான் அடிக்கும்." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பேசறாராமாங்க. 'போலாமா சாமி'ன்னு கேக்கறாராமா. தெனமும் அது ஒண்ணுதானுங்க."

"எங்க போவணுமாம்?" என்றார் ஆரோக்கியராஜ்.

"அதத்தானுங்க நானுங் கேட்டேன். தெரியலீங்கறாரு." தமிழ்மதியின் குரல் இறங்கிவிட்டது. "திங்கக்கெழம பள்ளிக்கூடந் தொறக்கறாங்க. பாப்பாவ அந்த சீட்டுல வெச்சுக் கூட்டிட்டுப் போறேன், தவறிப்போன அப்பாருகிட்ட அவளும் பேசட்டும்ங்கறாருங்க. பாப்பா அதுல ஏறக்கூடாதுங்க. எப்படியாச்சும் அந்தச் சூட்ட நிறுத்திப் போடுங்க."

ஆரோக்கியராஜ் செருப்பைக் கழற்றினார். "ஹீட்டர் வால்வுதான். பாக்காமலே சொல்லுவேன்" என்றார். சொன்னபடியே இன்ஜின் பக்கத்தில் கொதிநீர்க் குழாய்கள் இரண்டையும் கழற்றி, ஒன்றின் வாயை மற்றதோடு இணைத்துவிட்டார். இனி வெந்நீர் உள்ளே வராது, வந்த வழியே திரும்பிவிடும். இந்த ஊரில் எவனுக்கு ஹீட்டர் வேண்டும்? அப்புறம் ஈரத்துணிகளை விரித்து, கதவைச் சாத்தி, இன்ஜினை ஓடவிட்டார்.

திறந்து பார்த்தபோது டேஷ்போர்டுத் துணி எல்லாம் அப்படியே சொதசொதவென்று கிடந்தது. கியர் கம்பியைச் சுற்றிப் போட்டது மட்டும் அப்பளம் மாதிரி மொறமொறத்திருந்தது. நடுவில் பழுப்பாக ஒரு கறை, உள்ளங்கை அகலத்துக்கு. ஆரோக்கியராஜ் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார். தீய்ந்த துணி வாசம்தான்.

"நாஞ் சொன்னது தப்பாப் போச்சு" என்றார். அவர் அப்படி ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, இன்ஜின் ஓட ஓட, உள்ளே உட்காரப் போனார். அந்தக் கார்க்காரர் உட்கார்ந்து வருகிற மாதிரியே உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். வேண்டாமுங்க என்றார் தமிழ்மதி. பார்க்கச் சகிக்காமல் ரோட்டோரத்து வேப்பமரத்தடிக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் ஆரோக்கியராஜ் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாதத்தைக் கியர்ப் பக்கம் நகர்த்தினார். பிறகு கண் சொருகுகிற மாதிரி இமை தாழ்ந்தது. நான் கண்ணாடியைத் தட்டலாமா வேண்டாமா என்று நிற்கும்போதே அவர் தலை மெல்ல இடதுபக்கம் திரும்பியது. காலி சீட்டைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, அங்கே இருக்கிற ஒருவருடைய முகத்தைப் பார்க்கிற உயரத்தில் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. நிறுத்தி, பதிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்தார். மறுபடி அசைந்தது. நான் தட்டினேன். ஓங்கித் தட்டினேன். திரும்பவேயில்லை. கதவைத் திறந்து தோளைப் பிடித்து இழுத்தபோது அவர் உடம்பு முழுக்க வியர்த்து, கை மட்டும் ஜில்லென்று இருந்தது.

சுவரோரம் குனிந்து வாந்தியெடுத்தார். தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் தமிழ்மதி மரத்தடியிலேயே நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "போலாமான்னுதான் கேட்டுச்சு."

"அந்தம்மா சொன்னது மனசுல நின்னிருக்கும்யா."

"இருக்கும்." தலையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா எங்கம்மா குரல்ல கேட்டுச்சு அண்ணாச்சி. 'போவோமால ராசா'ன்னு. அவ போயிச் சேந்து எம்புட்டோ காலமாச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொல்ல வாயெடுத்தேன். நீங்க கதவத் தொறந்துட்டீய."

பொய் சொல்வானேன், எனக்கு அப்படியே எழுந்து நல்லூருக்குப் போய்விடலாம் என்று இருந்தது. என் கார் பானெட் கழன்று கிடந்ததால் தப்பித்தார் ஆரோக்கியராஜ். இன்ஜின் புகை மூடின காருக்குள் நிறைந்தால் தலை வலிக்கும், புத்தி தடுமாறும், தூக்கம் கண்ணைச் சுற்றும், ஆள் உட்கார்ந்த வாக்கிலேயே போய்ச் சேர்வான் என்பது எனக்கும் தெரியும். அதைத்தான் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். புகை, வெறும் புகை. அது எப்படி ஆளுக்கு ஆள் அவரவர் வீட்டுக் குரலைக் கண்டுபிடித்துப் பேசுகிறது என்று மட்டும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஆரோக்கியராஜ் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி அடியில் நுழைந்தார். சைலன்சர் குழாயின் இணைப்பில் பேக்கிங் கிழிந்து, நேரே மேலே புகையைத் துப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு மேல் கியர் கம்பி நுழைகிற ஓட்டை. ஓட்டையை மூடியிருக்க வேண்டிய ரப்பர் இற்றுப்போயிருந்தது. ஓட்டைக்குள் வேறு எதுவோ அடைத்துக் கிடந்தது. கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தார். கரிக்கட்டையாக ஒரு உருண்டை வந்து அவர் நெஞ்சின் மேல் விழுந்தது.

வெளியே கொண்டுவந்து பிரித்தார். மேலெல்லாம் கருகி உதிர்ந்தது. உள்ளே போகப் போகப் பழுப்பு, நடுவில் இன்னும் வெள்ளை. பனியன் வேஸ்ட். நீளவாக்கில் கிழித்து, இறுக்கி உருட்டி, அதே துணியின் விளிம்பை நூலாக்கிக் குறுக்கே கட்டியிருந்தது. இந்த ஊரில் இது ஒரு வியாதி. குழாய் ஒழுகினால் பனியன் வேஸ்ட், மேஜை ஆடினால் பனியன் வேஸ்ட், எலி வளைக்கும் அதே. எந்த ஓட்டையைப் பார்த்தாலும் திருப்பூர்க்காரன் கை கட்டிங் வேஸ்டைத்தான் தேடும். ஆனால் கொதிக்கிற சைலன்சருக்கு மேலே பஞ்சுத் துணியை வைத்து அடைக்கிற காரியத்தை வேறு ஊர்க்காரன் எவனும் செய்யமாட்டான்.

தமிழ்மதி கிட்டே வந்து பார்த்தார். பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்க மாமா கட்டுன கட்டுங்க இது. ஊட்டுல எல்லா ஓட்டைக்கும் இப்படித்தானுங்க உருட்டி அடைப்பாரு. வேற ஆருக்கும் இந்தக் கட்டு வராதுங்க."

பேக்கிங் மாற்றி, குழாயை இறுக்கி, ஓட்டைக்குப் புது ரப்பர் போட்டு, நடுவில் ஒரு அலுமினியத் தகட்டை ஆரோக்கியராஜ் திருகி முடிக்கும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் தரணீதரன். வீட்டுக்குப் போன் பண்ணியிருப்பார் போலிருக்கிறது, நேரே இங்கேயே வந்துவிட்டார். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து, ரொம்ப நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி இருந்தார். மனைவியைப் பார்க்கவில்லை. காரின் அடியைப் பார்த்தார்.

"ஆரக் கேட்டுங்க கை வெச்சீங்க?" சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அது எங்கய்யனுங்க. என்னோட இருக்கறது அது ஒண்ணுதானுங்க. அதையும் புடுங்கிப் போட்டீங்களா?"

ஆரோக்கியராஜ் கரி உருண்டையை இரண்டு கையாலும் எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

"இதுதாம்யா உங்க அய்யா கை. உங்க காலு சுடக்கூடாதுன்னு அவுக வச்ச கை. இது வெளிய நின்னு மறிச்சுக்கிட்டு இருந்துச்சு. இது கருகிப்போன பொறவுதான் அது உள்ள வந்துச்சு."

"எதுங்க?"

"பொகைய்யா."

தரணீதரன் உருண்டையை வாங்கிக்கொண்டார். கட்டின முடிச்சின் மேல் விரலை வைத்து, அவிழ்க்காமல், அப்படியே தடவிக்கொண்டிருந்தார். கரி அவர் வெள்ளைச் சட்டையில் அப்பியது. "பொகை பேசுமுங்களா?" என்று கேட்டார். ஆரோக்கியராஜ் என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனர்களைப் பார்த்தேன்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு தடவை ஈரத்துணி விரித்துப் பார்த்தாயிற்று. கியரைச் சுற்றிப் போட்டதும் மற்றவை போலவே ஈரம் மாறாமல் கிடந்தது. தரணீதரன் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜினைக் கிளப்பி, மடியில் அந்தக் கரி உருண்டையை வைத்துக்கொண்டு இடதுபக்கம் திரும்பிக் காத்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். அந்தக் குரல் கேட்டுவிடக் கூடாது என்றும் எனக்கு இருந்தது, ஒரு தடவை கேட்டுத் தொலையட்டுமே என்றும் இருந்தது. கடைசியில் கண்ணாடியை இறக்கினார்.

"ஒண்ணுமில்லீங்க. சூடுமில்ல, வாசமுமில்ல." கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. "அப்ப இத்தன நாளா எங்கூட வந்தது ஆருங்க?"

ஆரோக்கியராஜ் கையிலிருந்த ஈரத்துணியை மடித்தார்.

"எங்க போலாமான்னு கேட்டுதுங்க அது?" சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக. "தமிழு, நல்லவேள. பாப்பாவ இதுல..." ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தமிழ்மதி காரின் இடதுபக்கம் வந்து நின்றார். வீட்டுக்குப் போக அவருக்கும் இருப்பது அந்த ஒரு சீட்டுதான். கைப்பிடியைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார்.

"ஏறலாமுங்களா?" என்று ஆரோக்கியராஜைக் கேட்டார்.

ஆரோக்கியராஜ் அந்தப் பெண்ணைக் கையால் விலக்கி நிறுத்திவிட்டு, கதவை முழுக்கத் திறந்தார். ஓர் ஆள் இறங்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு தள்ளி நின்றார். காலி சீட்டைப் பார்த்து, மெதுவாக, "எறங்கு" என்றார்.

நின்றார். நாங்களும் நின்றோம். பிறகு தமிழ்மதியிடம், "நீங்க ஏறுங்கம்மா" என்று சொல்லி, அவர் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினார். கார் ஷெட்டை விட்டு நகர்ந்து ரோட்டில் ஏறும்வரை கூடவே நடந்து போனார், கதவில் அழுத்திய உள்ளங்கையை எடுக்காமல்.